இளஞ்சிவப்பு அட்டை இருந்தால் முப்பது பாட் வைத்தியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு யோசனைகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைப்பது, பணம் அனுப்புவது என்பதெல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் தாய்லாந்து பற்றிய பெட்டிச் செய்தியில், அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் அடையாள அட்டை தருவார்கள், அதை வாங்கிவிட்டால் அரசு மருத்துவமனையில் முப்பது பாட் (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) கட்டினால் எல்லா வைத்தியமும் முடிந்துவிடும் என்று இருந்தது. முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி உண்மையில்லை. அதை நம்பிக்கொண்டு யாராவது விமானம் ஏறினால், அங்கே ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றுகொண்டுதான் தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒரு தம்பி ஏற்கெனவே தயாராக இருக்கிறான். டிப்ளமா முடித்தவன், அடுத்த மாதம் கிளம்புகிறான். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, இன்ஷூரன்ஸ் கின்ஷூரன்ஸ் எதுவும் வேண்டாம், போனதும் கார்டு வாங்கிட்டாப் போதும்" என்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். என் வீட்டுக்காரர் ஆத்தூர்ப் பக்கம், மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகளில் ஃபிட்டராக இருந்தவர். மரவள்ளி மாவு ஏற்றுமதியில் தாய்லாந்துதான் உலகத்திலேயே முதலிடம். அங்கே கோராட் என்று எல்லோரும் சொல்லும் நாகோன் ராட்சசிமா மாநிலம் முழுக்க மரவள்ளிக் காடுதான். தலைவாசல் ஊரிலிருந்து கிளம்பினவருக்கு அங்கே இறங்கியதும் திப்பி (கிழங்குச் சக்கை) வாசனையே ஊர் வாசனையாக இருந்ததாம். மாவு ஆலை ஒன்றில் செபரேட்டர், டிரையர் பராமரிப்பு வேலை. அவர் வேலை விசாவில் போனார். நானும் பையனும் குடும்ப விசாவில் பின்னால் போனோம். கொரோனாவுக்கு முன்னும் பின்னுமாக அங்கே இருந்துவிட்டு இப்போது அம்மாபேட்டைக்கே திரும்பிவிட்டோம். அவர் ஷிப்டில் இருப்பார் என்பதால் அலுவலகம், ஆஸ்பத்திரி, மொழிபெயர்ப்பு, ஜெராக்ஸ் எல்லாம் என் தலையில்தான் விடிந்தது. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் திறக்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முப்பது பாட் திட்டம் 2001-ல் அங்கே தொடங்கியது. அடுத்த வருடமே அதற்குச் சட்டமும் வந்துவிட்டது. அது தாய்லாந்துக் குடிமக்களுக்கு. நம் ஊர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வெளிநாட்டுக்காரர் பெயரைச் சேர்க்க முடியாது இல்லையா, அது போலத்தான். விசாவில் வந்து வசிக்கிற இந்தியருக்கு அதில் இடமில்லை. மஞ்சள் புத்தகம் (வீட்டுப் பதிவுப் புத்தகம், பின்னால் சொல்கிறேன்) வைத்திருந்தாலும் இல்லை, இளஞ்சிவப்பு அட்டை வைத்திருந்தாலும் இல்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. அதே இளஞ்சிவப்பு நிற அட்டையைத் தாய்லாந்து அரசு பல வகை ஆட்களுக்குக் கொடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்தும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக 2010-ல் தனியாக ஒரு சுகாதார நிதி ஒதுக்கினார்கள். மியான்மர், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று சந்தா கட்டிச் சேரும் காப்பீடு தனி. அப்புறம் எங்களைப் போன்றவர்கள். நிறம் ஒன்று, உரிமை வேறு வேறு. பக்கத்து வீட்டு மியான்மர்க்காரப் பெண் அட்டையை நீட்டி மருந்து வாங்கி வருவதைப் பார்த்துவிட்டு, நம் ஆட்கள் அட்டைக்குத்தான் அந்த மகிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருப்பது நம் கண்ணில் படுவதில்லை.

சரி, அப்படியானால் அந்த அட்டை எதற்கு? வேண்டவே வேண்டாமா? வேண்டும். ஆனால் எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அட்டைக்கு முன்னால் வீட்டுப் பதிவுப் புத்தகம். தாய்லாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. அதில் அங்கே வசிப்பவர்களின் பெயர் இருக்கும். குடிமக்களுக்கும் நிரந்தர வாச உரிமை உள்ளவர்களுக்கும் நீல உறை போட்ட புத்தகம். எங்களைப் போல் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மஞ்சள் உறை போட்ட புத்தகம். அந்த மஞ்சள் புத்தகத்தில் பெயர் ஏறினால் 13 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணை வைத்து இளஞ்சிவப்பு அட்டை. அட்டைக்குக் கட்டணம் 60 பாட்தான். ஆனால் அந்த 60 பாட்டைக் கட்டும் இடத்துக்கு வந்து சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முதலில் வீட்டுக்காரம்மா சம்மதிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் மலை. எங்கள் வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி, முருங்கைக்காய் கூடப் பறித்துக் கொடுப்பார். ஆனால் புத்தகம் என்றதும் முகம் மாறிவிட்டது. பெயர் ஏறிவிட்டால் வீட்டை விட்டுப் போகமாட்டார்களோ, வரி ஏறுமோ என்று பயம். புத்தகத்தில் பெயர் இருப்பது சொத்துரிமை ஆகாது என்று வட்டார அலுவலகத்து எழுத்தரே சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட வந்தார். அதற்கு அந்த அம்மாவின் மகளைத்தான் தூது அனுப்பினேன். நானாகப் போய் வாதாடியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அப்புறம் பாஸ்போர்ட்டைத் தாய் மொழியில் பெயர்த்து, பாங்காக்கின் சேங் வத்தானாவில் இருக்கும் வெளியுறவு அமைச்சகக் கிளையில் முத்திரை வாங்க வேண்டும். இரண்டு தாய்லாந்துக்காரர்கள் சாட்சிக்கு வர வேண்டும். திருமணச் சான்று, பையனின் பிறப்புச் சான்று எல்லாம் இங்கிருந்தே டெல்லி வெளியுறவு அமைச்சக முத்திரையும் சென்னையில் இருக்கும் தாய்லாந்துத் தூதரக முத்திரையும் வாங்கிக்கொண்டு போனால் நல்லது. எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லாமல், கோராட்டில் உட்கார்ந்துகொண்டு சேலத்துக்கு போன் போட்டு, என் தம்பியைச் சார்பதிவாளர் ஆபீசுக்கும் சென்னைக்கும் அலையவிட்டோம்.

நம் தமிழ்ப் பெயர்கள் அங்கே படுத்திய பாடு தனி. என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் அப்பா பெயர். என் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர். பையனுக்கும் அப்பா பெயர்தான். எழுத்தர் மூன்று பாஸ்போர்ட்டையும் வரிசையாக மேசையில் வைத்து, ஒன்றை நகர்த்துவார், மறுபடி சேர்ப்பார். கணவருக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, அதுவும் மனைவியின் குடும்பப் பெயர் கணவரின் முதல் பெயர், இது எப்படி ஒரே குடும்பம் என்று கேட்டார். இனிஷியல் என்ற ஏற்பாட்டை அரைகுறைத் தாய் மொழியில் விளக்கிப் பாருங்கள், தெரியும். கடைசியில் ஒரு தாளில் மாமனார், அவர், பையன் என்று மூன்று கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்துக் குத்திவிட்டார். இன்னமும் கோராட் மாநிலத்தில் ஏதோ ஒரு பீரோவில் எங்கள் வம்சாவளி என் கையெழுத்தில் இருக்கும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. வேலை அனுமதிப் புத்தகத்தில் அவர் பெயரைத் தாய் எழுத்தில் ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் இன்னொரு மாதிரி எழுதிவிட்டார். நெடில் குறில் வித்தியாசம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே வேலை அனுமதியைக் காட்டி, இதே எழுத்து, இதே மாதிரி என்று சொல்லிவிட வேண்டும். பிறந்த தேதியையும் சரிபார்க்க வேண்டும். அங்கே புத்த ஆண்டு, நம் ஆண்டோடு 543 கூட்டிப் போடுவார்கள். கூட்டலில் தவறினால் பையனுக்கு அவன் அப்பாவைவிட வயது கூடிவிடும்.

அட்டை கிடைத்த பிறகு பல காரியம் லேசாயிற்று. ஓட்டுநர் உரிமம், வண்டி பதிவு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் குடியேற்ற அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று வாங்க வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைத் தினம் பையில் சுமக்க வேண்டியதில்லை. உள்நாட்டில் எங்காவது அறை எடுத்தால் அட்டையைக் காட்டலாம். 2021-ல் கொரோனா தடுப்பூசிக்கு 'மோர் ப்ரோம்' என்ற செயலியில் பதியச் சொன்னார்கள். அது 13 இலக்க எண் கேட்டது. எண் இருந்தவர்கள் பதிந்துவிட்டோம். இல்லாத வெளிநாட்டவர்கள் வேறு வழி திறக்கும்வரை காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலும் அட்டையைச் செருகினால் பெயர், முகவரி தானாக ஏறிவிடும், எழுத்துப் பிழைக்கு இடமில்லை. அவ்வளவுதான் அதன் வேலை. அது நீங்கள் யார் என்று சொல்லும். உங்கள் பில்லை யார் கட்டுவது என்று சொல்லாது. விசாவுக்கும் அது மாற்று இல்லை. 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்றத் துறையில் முகவரி தெரிவிப்பதும் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும்.

பில்லைக் கட்டுவது சமூகப் பாதுகாப்பு நிதி. உங்கள் பெட்டிச் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

நம் ஊர் ஈ.எஸ்.ஐ. தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். வேலை அனுமதியோடு சம்பளத்தில் இருக்கும் யாரையும், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், முதலாளி 30 நாளுக்குள் இந்த நிதியில் பதிய வேண்டும் என்பது அங்கே சட்டம். சம்பளத்தில் 5 சதவீதம் தொழிலாளி பங்கு, அதே 5 சதவீதம் முதலாளி பங்கு, அதற்கு மேல் அரசும் கொஞ்சம் போடும். எங்கள் காலத்தில் 15,000 பாட் சம்பளம் வரைதான் கணக்கு, ஆகவே எவ்வளவு பெரிய சம்பளக்காரருக்கும் மாதம் 750 பாட்டுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். மூன்று மாதச் சந்தா கட்டி முடித்ததும் மருத்துவ உரிமை தொடங்கும். ஆஸ்பத்திரியை நாமே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காவிட்டால் வருடத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, அறுவை எல்லாம் சந்தாவிலேயே அடங்கும். வேலை போய்விட்டாலும் ஆறு மாதத்துக்கு உரிமை நீடிக்கும்.

என் வீட்டுக்காரர் முதல் இரண்டு மூன்று சம்பளச் சீட்டைப் பார்த்து, பிடித்தமே இல்லை, முழுச் சம்பளம் வருகிறது என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. கூட வேலை செய்த தாய்லாந்துக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தால் அதில் 750 பிடித்திருக்கிறது. ஆலை அலுவலகத்தில் கேட்டதற்கு, வெளிநாட்டவருக்கு அது தேவையில்லை, சொந்தமாகக் காப்பீடு போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். தேவை என்று சட்டம் சொல்கிறது. அவர்களுக்கு ஆளுக்கு 750 பாட் மிச்சம், அவ்வளவுதான் விஷயம். சண்டை போடாமல், சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் 1506 எண்ணுக்கு அந்தத் தாய்லாந்துக்காரரையே பேசச் சொன்னோம். அவர் பேசின அடுத்த மாதமே பிடித்தம் வந்துவிட்டது. வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சம்பளச் சீட்டில் பிடித்தம் இல்லையென்றால் பயப்படுங்கள்.

அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது ஒரு ராத்திரியில் தெரிந்தது. டிரையர் பக்கத்திலேயே நின்று வேலை, தண்ணீர் குடிக்க நேரமில்லை, சிறுநீரகத்தில் கல். வலியில் சுருண்டுவிட்டார். பயத்தில் பக்கத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போனோம். ஹோட்டல் மாதிரி வரவேற்பறை, காபி, சிரித்த முகம். வலிக்கு ஊசி போட்டார்கள், அது மட்டும் நிம்மதி. அப்புறம் ஒரு தாளில் கல்லை எடுப்பதற்கான உத்தேசச் செலவை அச்சடித்துக் கொடுத்து, முன்பணம் கேட்டார்கள். அந்தத் தொகைக்கு இங்கே ஆத்தூரில் அரை ஏக்கர் கிழங்குக் காட்டைக் குத்தகைக்கு எடுத்துப் பல வருஷம் ஓட்டலாம். ஊசிக்கும் படத்துக்கும் கட்டிவிட்டு விடியற்காலையில் கிளம்பிவிட்டோம்.

சமூகப் பாதுகாப்பில் அவர் தேர்ந்தெடுத்திருந்தது மகாராட் அரசு ஆஸ்பத்திரியை. வடகிழக்குத் தாய்லாந்துக்கே பெரிய ஆஸ்பத்திரி அது, கூட்டமும் அப்படித்தான். நம் ஜி.எச். தெரிந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் பயம் தராது. வெளிச்சம் வருவதற்கு முன்பே வரிசை. எண் சீட்டு வாங்கி, நாமே இயந்திரத்துக்குள் கையை நுழைத்து ரத்த அழுத்தம் பார்த்து, வருகிற துண்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டு எடை பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு அம்மா பேனாவால் எடையை அதே சீட்டின் ஓரத்தில் எழுதிக் கொடுப்பார். அப்புறம் உரிமை சரிபார்க்கும் கவுன்டர். அதுதான் முக்கியம். அங்கே அட்டையைச் செருகிப் பார்த்துவிட்டு, தாளில் சமூகப் பாதுகாப்பு என்று முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை விழுந்த பிறகு காசு என்ற பேச்சே இல்லை. டாக்டரைப் பார்க்க மத்தியானம் ஆயிற்று. கல்லை உடைக்க வேறொரு நாள் வரச் சொன்னார்கள். காத்திருப்பு உண்டு, கழிவறை சுமார், டாக்டர் நம்மோடு கழிக்கும் நேரம் கொஞ்சம். ஆனால் வேலை சுத்தம். கல்லும் போனது, கையிலிருந்து ஒரு பாட்டும் போகவில்லை.

இதுவே ஆலைக்குள் விபத்தில் அடிபட்டிருந்தால் கணக்கு வேறு. அதற்கு முதலாளி மட்டுமே பணம் கட்டும் இழப்பீட்டு நிதி தனியாக இருக்கிறது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே உண்டு. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். ஆகவே மருத்துவமனையில் எங்கே அடிபட்டது என்று கேட்டால் ஆலையில் என்று சொல்லத் தயங்கக் கூடாது. மேற்பார்வையாளர் வந்து, வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல் என்பார். கேட்காதீர்கள்.

இனி என்னைப் போன்றவர்கள் கதை. அவருக்கு உண்டு, எனக்கும் பையனுக்கும் கிடையாது. சமூகப் பாதுகாப்பு என்பது சந்தா கட்டும் ஆளுக்கு மட்டும். நம் ஈ.எஸ்.ஐ. குடும்பத்துக்கே உண்டு, அந்த விஷயத்தில் நாம் மேல். அங்கே மனைவிக்குப் பிரசவமானால் கணவர் சந்தாவிலிருந்து 15,000 பாட் ஒரே தொகையாகக் கொடுப்பார்கள், குழந்தைக்கு ஆறு வயது வரை மாதா மாதம் ஒரு சிறு தொகை உண்டு. மற்றபடி குடும்பம் தன் காசில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பையனுக்கு டெங்கு வந்து அதே அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வெளிநாட்டவர் கட்டணம் என்றார்கள். 2019-ல் அங்கே பொதுச் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட பட்டியலில் தாய்லாந்துக்காரர், அண்டை நாட்டவர், வேலை போன்ற விசாவில் வசிப்பவர், சுற்றுலாவுக்கும் ஓய்வுக்கும் வந்தவர் என்று ஆட்களைப் பிரித்துத் தனித்தனி விலை வைத்திருக்கிறார்கள். நாங்கள் மூன்றாவது வரிசை. இளஞ்சிவப்பு அட்டையை நீட்டிப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாக அதை வாங்கி, எண்ணைப் பதிந்துகொண்டு, அதே மூன்றாவது வரிசை விலையைத்தான் போட்டாள். எனக்கு அதில் கோபமில்லை. தன் வரிப்பணத்தில் தன் குடிமக்களைப் பார்க்கிற அரசு, வெளியே இருந்து வந்தவரிடம் கொஞ்சம் கூடக் கேட்பது நியாயம்தான் என்பது என் எண்ணம். அப்படியும் அந்த பில் தனியார் ஆஸ்பத்திரி கேட்டிருக்கக்கூடியதில் பாதிகூட வரவில்லை. ஆனால் இலவசம் என்று நம்பி வெறுங்கையோடு போயிருந்தால் அன்றைக்கு நடு ராத்திரியில் யாரிடம் போய் நிற்பது? அதனால் குடும்பத்தோடு போகிறவர்கள், மனைவி மக்களுக்குத் தனியாக ஒரு காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். அதை வேலை ஒப்பந்தம் பேசும்போதே முதலாளி தலையில் கட்டப் பாருங்கள். போன பிறகு கேட்டால் கிடைக்காது.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ஆம்புலன்ஸ் எண் 1669. சமூகப் பாதுகாப்பில் இருக்கிறவர்களுக்கு, அப்படிப்பட்ட அவசரத்தில் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும், தனியார் என்றாலும், முதல் 72 மணி நேரம் அவர்கள் கையில் காசு கேட்கக் கூடாது என்று 2017-லிருந்து ஏற்பாடு இருக்கிறது. சிறுநீரகக் கல் வலி அந்தக் கணக்கில் சேரவில்லை. வலி தாங்க முடியாததுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று அவர்கள் ஒரு பட்டியல் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்தத் தெருத் தம்பிக்கு வருகிறேன். அவனை அனுப்புகிற ஏஜென்ட், விசாவே தேவையில்லை, டிக்கெட் போட்டால் போதும், போய் இறங்கி வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்கிறாராம். இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்து அனுமதித்தது நிஜம். அது சுற்றிப் பார்க்க. வேலை பார்க்க இல்லை. அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அப்புறம் இரண்டு வருடத்துக்கு வேலை அனுமதி கிடையாது. அப்படிப் போகிறவனுக்குச் சமூகப் பாதுகாப்பில் பதிவு இல்லை. அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம், மஞ்சள் புத்தகத்துக்கு முதலில் ஒழுங்கான விசா வேண்டும். கை போனாலும் கால் போனாலும் கேட்பதற்கு ஒரு வாசல் கிடையாது. பாங்காக் வேலை என்று கூட்டிப்போய் எல்லை தாண்டி மியான்மரில் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கதைகளை உங்கள் பத்திரிகையே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. 2022-லேயே நம் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. அதே பத்திரிகையின் இணைப்பில், அட்டை வாங்கினால் போதும் என்று படித்தால் ஒரு இருபத்து மூன்று வயதுப் பையன் எதை நம்புவான்?

நம் பக்கம் இருக்கும் ஏற்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று மத்திய அரசின் காப்பீடு இருக்கிறது. 10 லட்சம் ரூபாய், பிரீமியமும் அற்பம்தான். ஆனால் அது முக்கியமாக விபத்தில் உயிரோ உறுப்போ போனால் உதவுவது. கட்டாயம் என்பதும் பத்தாவது தேறாத, குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குத்தான். அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் தாய்லாந்து இருக்கிறது. ஆனால் டிப்ளமா படித்த ஃபிட்டர் அந்த வளையத்துக்குள் வரவே மாட்டார். சேலம் மாவட்டத்திலிருந்து இப்போது போகிற பையன்களில் ஐ.டி.ஐ., டிப்ளமாக்காரர்கள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள். அவர்களுக்குப் புறப்படும் முன் ஒருவரும் எதையும் சொல்வதில்லை. கட்டாயம் உள்ளவர்களுக்காவது ஒரு பயிற்சி வகுப்பு உண்டு.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான், பெயர் மட்டும் மாறும். மலேசியாவில் 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பில் சேர்க்க வேண்டும். துபாய், அபுதாபியில் முன்பே இருந்த கட்டாய மருத்துவக் காப்பீடு 2025 ஜனவரியிலிருந்து மற்ற எமிரேட்டுகளுக்கும் வந்துவிட்டது, காப்பீடு இல்லாமல் விசாவைப் புதுப்பிக்க முடியாது. எங்கே போனாலும் அடையாள அட்டை ஒரு சங்கதி, வைத்தியச் செலவை ஏற்கும் பதிவு இன்னொரு சங்கதி. முதலாவதை வாங்கியவர்கள் இரண்டாவதும் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

அயலகத் தமிழர் நலத்துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். நாடு வாரியாக ஒரே ஒரு தாள் தமிழில் போடுங்கள். என்ன அட்டை, யார் தருவார்கள், சம்பளச் சீட்டில் என்ன பிடித்தம் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு உண்டா இல்லையா, புகார் சொல்ல எந்த எண். ஐ.டி.ஐ. வாசல்களிலும் பாஸ்போர்ட் வாங்கும் இடங்களிலும் ஒட்டினால் போதும். புத்தகம் போட வேண்டாம், யாரும் படிக்கமாட்டார்கள்.

உங்களிடம் கேட்பது, திருத்தம் போடுங்கள் என்பதுதான். அதே ஞாயிறு இணைப்பில், அதே பெட்டி அளவில் வர வேண்டும். ஏழாம் பக்கத்தில் மூலையில் இரண்டு வரி போட்டால் அந்தத் தம்பி கண்ணில் படாது. அவனுக்கு நான் சொல்லிவிட்டேன், முகம் கொடுத்துக் கேட்கவில்லை. அச்சில் வந்தால் நம்புவான். ஏஜென்ட்டிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: வேலை அனுமதி யார் பெயரில், எந்த நிறுவனத்திலிருந்து, எந்தத் தேதியில். இந்தக் கடிதம் எழுதும்வரை பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
அம்மாபேட்டை, சேலம்.